ஆள் புகாத சுரங்கத்தில் இயந்திரக் கைகள்

சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்குப் பேருந்தில் போய் வராதவர் நம்மில் மிகச் சிலரே இருப்பர். ஏறக்குறைய அந்தத் தூரத்துக்கு ஒரு சுரங்கப் பாதையைத் தோண்டி, அதை வளையல் போல வளைத்து, முனையோடு முனையைச் சேர்த்து, தரைக்கு அடியில் புதைத்து வைத்திருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? நம்பத்தான் வேண்டும். சுவிட்சர்லாந்தும் பிரான்சும் சந்திக்கும் எல்லையில், ஜெனீவா நகருக்கு அருகே, பூமிக்கடியில் 50 முதல் 175 மீட்டர் ஆழத்தில் அந்த வளையம் இருக்கிறது. சுற்றளவு 27 கிலோமீட்டர். செர்ன் என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஐரோப்பிய அணு ஆய்வு நிறுவனத்துக்குச் சொந்தமானது அது.

கோடிக்கணக்கில் பணத்தைக் கொட்டி அமைத்த அந்தச் சுரங்கத்தில், முக்கியமான வேலை நடக்கும் நேரத்தில் ஒரு மனிதர்கூட இருக்க மாட்டார். இருக்கக் கூடாது! எல்லோரையும் வெளியேற்றிக் கதவுகளைப் பூட்டிய பிறகுதான் இயந்திரம் ஓடத் தொடங்கும். அப்படியானால் உள்ளே இருக்கும் ஆயிரமாயிரம் கருவிகளை யார் பார்த்துக்கொள்வது? பழுதானால் யார் முதலில் போய் எட்டிப் பார்ப்பது? இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான். விஞ்ஞானம் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இதில் நம் தோட்டத்துக் கதையும் கொஞ்சம் இருக்கிறது.

முதலில் அந்தச் சுரங்கத்தில் என்னதான் ஓடுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். தண்ணீரில் இருக்கும் ஹைட்ரஜனை நாம் பள்ளியில் படித்திருக்கிறோம். அந்த ஹைட்ரஜன் அணுவின் நடுவில் இருக்கும் கரு ஒரே ஒரு புரோட்டான். அந்தப் புரோட்டான்களைத் தனியே பிரித்து, கோடி கோடியாகத் திரட்டி, காற்று முழுவதையும் உறிஞ்சிவிட்ட குழாய்களுக்குள் விரட்டுகிறார்கள். ஒரு கூட்டம் வலப்பக்கமாக, இன்னொரு கூட்டம் இடப்பக்கமாக. ஏறக்குறைய ஒளியின் வேகம்! அந்த 27 கிலோமீட்டர் வளையத்தை ஒரே விநாடியில் 11,000 தடவைக்கு மேல் சுற்றி வருகின்றன. நான்கு இடங்களில் இரு கூட்டத்தையும் நேருக்கு நேர் மோதவிடுகிறார்கள். அந்த மோதலில் சிதறும் துகள்களைப் பார்த்து, இந்த உலகம் எதனால் ஆனது என்று ஆராய்கிறார்கள். 2012-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் ஹிக்ஸ் துகளைக் கண்டதாக அறிவித்தது இந்த இயந்திரத்தின் வழியாகத்தான். மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அங்குள்ள ஓர் ஆய்வுக் குழுவில் சேர்ந்து உழைத்திருக்கிறார்கள் என்பது நமக்குப் பெருமை.

நேராக ஓட விரும்பும் புரோட்டானை வளைத்துத் திருப்புவதற்குக் காந்தம் வேண்டும். பள்ளியில் இரும்புத்தூளை இழுத்துக் காட்டும் காந்தமல்ல. ஒவ்வொன்றும் 15 மீட்டர் நீளம், ஏறக்குறைய 35 டன் எடை. அப்படி 1,232 பெரிய காந்தங்கள் வரிசையாக நிற்கின்றன. அவை வேலை செய்வதற்குக் கடுங்குளிர் தேவை. பூஜ்யத்துக்குக் கீழே 271 பாகை! அதற்காக ஹீலியம் வாயுவைத் திரவமாக்கிப் பாய்ச்சுகிறார்கள். நம் வீட்டு ஐஸ்பெட்டியில் ஐஸ்கட்டி வைக்கும் இடம் பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 18 பாகை என்பதை நினைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும்.

கொதிக்கும் தகரம்

இனி ஆபத்துக்கு வருவோம். இந்தச் சுரங்கத்தில் ஆபத்து ஒன்றல்ல, இரண்டு.

முதலாவது கதிரியக்கம். புரோட்டான்கள் எல்லாமே ஒழுங்காக நடுக்குழாயில் ஓடுவதில்லை. மாட்டு மந்தையில் ஒன்றிரண்டு வேலி தாண்டுவது போல, சில புரோட்டான்கள் பாதை விலகிப் பக்கத்து உலோகத்தில் போய் மோதும். அவ்வளவு வேகத்தில் மோதும்போது உலோகத்தின் அணுக்கருவே உடைந்துபோகும். உடைந்த கருக்கள் சில கதிரியக்கம் உள்ளவையாக மாறிவிடும். இயந்திரத்தை நிறுத்திய பின்னும் அந்தக் கதிர்வீச்சு ஓயாது.

நம் பழைய லயத்து வீடுகளின் தகரக் கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். பொழுது சாய்ந்த பிறகும் தகரம் சுடும். விளக்கேற்றி வெகு நேரம் ஆன பின்னும் வீட்டுக்குள் புழுக்கம் இருக்கும். அது போலத்தான் இந்த உலோகங்களும். ஆனால் தகரம் விடிவதற்குள் குளிர்ந்துவிடும். இவற்றில் சில ஒரு மணி நேரத்தில் தணியும், சில ஒரு மாதத்தில் தணியும். இரும்புச் சாமான்களில் உண்டாகும் கோபால்ட்-60 என்பது பாதியாகக் குறைவதற்கே ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகும். வழி தவறும் புரோட்டான்களைப் பிடிப்பதற்கென்றே சில இடங்களில் தாடை போன்ற தடுப்புகளை வைத்திருக்கிறார்கள். கோலிமேட்டர் என்று பெயர். எல்லாருடைய அடியையும் தானே வாங்கிக்கொள்வதால் அந்தப் பகுதிகள்தான் அதிகம் 'கொதிக்கும்'. கொதிப்பது கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் சுடாது. அதுதான் கொடுமை.

கண்ணுக்குத் தெரியாத இந்தக் கொடுமையைப் பற்றிப் பேராக் மாநிலத்து மக்களுக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஈப்போவுக்கு அருகே புக்கிட் மேராவில் 1982-இல் ஏசியன் ரேர் எர்த் ஆலை இயங்கத் தொடங்கியதும், ஈய மணலின் கழிவான அமாங்கிலிருந்து கிடைத்த மோனசைட்டை அது பிரித்தெடுத்ததும், மிஞ்சிய கழிவில் தோரியம் என்ற கதிரியக்கப் பொருள் இருந்ததும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். பிள்ளைகளின் உடல்நலம் கெடுகிறது என்று ஊர் மக்கள் போராடினார்கள். ஈப்போ உயர்நீதிமன்றம் 1992-இல் ஆலையை மூடச் சொல்லித் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு மாற்றப்பட்டாலும், 1994-இல் ஆலை மூடப்பட்டது. அதைத் துப்புரவாக்கும் வேலை அதன் பிறகு பல ஆண்டுகள் நீடித்தது. 80,000-க்கும் மேற்பட்ட கதிரியக்கக் கழிவுப் பீப்பாய்களை எடுத்து அப்புறப்படுத்தும் வேலையில், பாதுகாப்பு உடை அணிந்த தொழிலாளர்களோடு ரோபோக்களையும் இறக்கப் போகிறார்கள் என்று 2011-இல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை எழுதியது. ஆகவே இந்தக் கட்டுரையின் விஷயம் ஜெனீவாவோடு நின்றுவிடவில்லை. நம் வாசல் வரை வந்திருக்கிறது.

சுரங்கத்தின் இரண்டாவது ஆபத்து மூச்சு சம்பந்தப்பட்டது. திரவ ஹீலியம் கசிந்தால் அது வாயுவாகி ஏறக்குறைய 700 மடங்கு பெருகிவிடும். நல்ல காற்றை அப்படியே தள்ளிவிட்டு அதன் இடத்தை இது பிடித்துக்கொள்ளும். ஹீலியத்துக்கு வாசமில்லை, நிறமில்லை. உள்ளே நிற்பவருக்கு மூச்சுத் திணறுவதற்குக்கூட நேரமிருக்காது, மயங்கி விழுந்துவிடுவார்.

இது வெறும் கற்பனை அபாயமல்ல. இயந்திரத்தை முதன்முதலில் 2008-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள் உலகமே பார்க்க ஓட்டினார்கள். ஒன்பது நாள்தான்! செப்டம்பர் 19-ஆம் நாள் இரண்டு காந்தங்களுக்கு இடையே இருந்த மின் இணைப்பு ஒன்று பழுதாகி, ஹீலியம் பீறிட்டு, சுமார் 6 டன் சுரங்கத்துக்குள் கொட்டியது. டன் கணக்கில் எடையுள்ள காந்தங்கள் இடம் பெயர்ந்தன. 53 காந்தங்களைப் பழுது பார்க்கவும் மாற்றவும் மேலே கொண்டு வர வேண்டியதாயிற்று. மீண்டும் ஓடுவதற்கு ஓராண்டுக்கு மேல் பிடித்தது. ஆனாலும் ஒருவருக்கும் காயமில்லை. ஏன் தெரியுமா? உள்ளே ஒருவரும் இல்லை!

பழைய தண்டவாளத்தில் புதிய காவல்காரன்

பாழுங் கிணற்றில் தூர் வார இறங்குவதற்கு முன் அந்தக் காலத்துப் பெரியவர்கள் என்ன செய்வார்கள்? ஒரு விளக்கைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்குவார்கள். விளக்கு அணைந்தால் கிணற்றுக்குள் நல்ல காற்று இல்லை, இறங்காதே என்று அர்த்தம். செர்ன் சுரங்கத்தில் அந்த விளக்கின் வேலையைச் செய்கிறது 'டிம்' என்னும் இயந்திர வண்டி.

டிம் தரையில் ஓடுவதில்லை. கூரையிலிருந்து தொங்கும் ஒற்றைத் தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு, தலைகீழாய்த் தொங்கும் வௌவால் போல ஓடுகிறது. பெட்டி பெட்டியாகக் கோத்த சின்ன ரயில். ஒரு பெட்டியில் மின்கலம், ஒன்றில் கட்டுப்பாட்டுக் கருவி, மற்றவற்றில் கேமரா, வெப்பத்தைப் படம் பிடிக்கும் கண், பிராண வாயுவின் அளவைப் பார்க்கும் மூக்கு, கதிர்வீச்சை அளக்கும் மானி. வேகம் மணிக்கு 6 கிலோமீட்டர். நம் மண்டோர் மரம் பார்க்க நடக்கும் விறுவிறுப்பான நடை என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட இரண்டு வண்டிகள் நிரந்தரமாகச் சுரங்கத்திலேயே குடியிருக்கின்றன.

அந்தத் தண்டவாளத்தின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. இந்தச் சுரங்கம் இப்போதைய இயந்திரத்துக்காகத் தோண்டியதல்ல. 1980-களில், லெப் என்ற முந்தைய இயந்திரத்துக்காகத் தோண்டியது. லெப் 1989 முதல் 2000 வரை ஓடியது. அப்போது ஆட்களையும் சாமான்களையும் ஏற்றிச் செல்வதற்காகக் கூரையில் தண்டவாளம் போட்டிருந்தார்கள். லெப் போய்விட்டது, தண்டவாளம் மிஞ்சியது. பழைய இரும்பென்று கழற்றி எடைக்குப் போடாமல், அதன் மேல் ஒரு காவல்காரனை ஓட விட்டார்களே, அதைச் சொல்லுங்கள்! நம் வீடுகளில் பழைய பால் வாளியில் துளசி நட்டு வைப்பார்களே, அந்தச் சிக்கன புத்தி பெரிய விஞ்ஞானிகளிடமும் இருக்கிறது.

சுரங்கத்தைப் பகுதி பகுதியாகக் கதவுகள் பிரிக்கின்றன. அந்தக் கதவைத் திறக்காமலே டிம் தாண்டிப் போவதற்கு மேல் பகுதியில் சின்னத் திறப்பு வைத்திருக்கிறார்கள். வண்டி ஒல்லியாக இருப்பதற்குக் காரணம் அதுதான். ஓட்டம் நின்றதும், ஆட்களை உள்ளே விடுவதற்கு முன்பாக இதை அனுப்பிப் பார்க்கலாம். எங்கே காற்று சரியில்லை, எங்கே கதிர்வீச்சு எவ்வளவு, எந்தக் குழாய் வழக்கத்தைவிடச் சூடாக இருக்கிறது என்றெல்லாம் அது சொல்லிவிடும். பாதை விலகும் புரோட்டான்களைக் கண்டுபிடித்துச் சொல்லும் மானிகள் சுரங்கம் நெடுக மூவாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. அவை சரியாக வேலை செய்கின்றனவா என்று பார்க்க, சிறு கதிரியக்கப் பொருளை ஒவ்வொரு மானியின் பக்கத்திலும் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். ஆள் ஒருவர் அதை ஏந்திக்கொண்டு 27 கிலோமீட்டர் நடப்பதை எண்ணிப் பாருங்கள். அந்த வேலைக்கும் டிம்மின் இயந்திரக் கையைப் பழக்கியிருக்கிறார்கள்.

ரோபோ என்றதும் ரஜினிகாந்த் படத்தில் வருவது போல ஆறடி உயரத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்கும் என்று என் மாணவர்கள் எதிர்பார்த்தார்கள். படத்தைக் காட்டியதும் முகம் சுருங்கிவிட்டது. "இது என்ன சார், டப்பா மாதிரி இருக்கு?" என்றான் ஒருவன். டப்பாதான்! செர்னில் உள்ள எந்த இயந்திரத்துக்கும் மனித முகம் கிடையாது. செர்ன்பாட் என்று அவர்களே செய்துகொண்டது, நான்கு சக்கரத்தின் மேல் ஒரு தட்டும், அதன் மேல் ஒன்றோ இரண்டோ கைகளும் உள்ள வண்டி. வேலைக்கு ஏற்றபடி கையை மாற்றிப் பூட்டலாம். வெடிகுண்டைச் செயலிழக்கச் செய்யும் காவல்துறை ரோபோக்களையும் ஜெர்மனியிலிருந்து வாங்கிப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இவை திருகாணியைக் கழற்றும், மின் இணைப்பைப் பிடுங்கிச் செருகும், குழாயை அறுக்கும், தூசியைத் துடைத்து மாதிரி கொண்டு வரும்.

இவற்றில் பெரும்பாலானவை தாமாக யோசித்து வேலை செய்பவை என்று எண்ணிவிடாதீர்கள். மேலே, பத்திரமான அறையில், பயிற்சி பெற்ற ஒருவர் உட்கார்ந்திருப்பார். கேமரா வழியே பார்த்துக்கொண்டு அவர் கையை அசைத்தால், கீழே இயந்திரக் கை அசையும். 1970-களிலேயே மாண்டிஸ் என்ற இரட்டைக் கை இயந்திரத்தை அங்கே இப்படி இயக்கியிருக்கிறார்கள். அது கெட்டியான பொருளைப் பிடித்தால் மேலே இருப்பவர் கைக்கும் அந்தக் கெட்டி தெரியும். ஆக இது மனிதனை விலக்கும் இயந்திரமல்ல. மனிதனின் கையை நூறு மீட்டர் ஆழத்துக்கு நீட்டித் தரும் இயந்திரம்.

ஆழத்தில் போய் வேலை செய்வதற்கு முன்னால் மேலே ஒத்திகை நடக்கும். கீழே இருக்கும் பகுதியைப் போலவே ஒரு மாதிரியைச் செய்து வைத்து, எந்தத் திருகாணி முதலில், எந்தக் கோணத்தில் கை போக வேண்டும் என்று திரும்பத் திரும்பப் பழகுவார்கள். ஒரு சாதாரண திருகாணி கை தவறிக் கீழே விழுந்தால், நாம் குனிந்து எடுத்துவிடுவோம். இயந்திரக் கைக்கு அது அரைநாள் வேலை! அதனால்தான் இப்போது புதிதாகச் செய்யும் கருவிகளை, ரோபோவின் விரலுக்கு எட்டும்படியாகவே வரைகிறார்கள்.

இயந்திரத்துக்கும் நோய் வரும் என்பதை மறக்கக் கூடாது. கதிர்வீச்சு மிகுந்தால் ரோபோவின் மின்னணு மூளை குழம்பும், கேமராவின் கண் மங்கும். 1986-இல் சோவியத் நாட்டின் செர்னோபில் அணு உலை வெடித்தபோது, கூரை மேல் சிதறிக் கிடந்த கதிரியக்கத் துண்டுகளைத் தள்ள ரோபோக்களைத்தான் முதலில் ஏற்றினார்கள். மேற்கு ஜெர்மனியிலிருந்து வரவழைத்த ஜோக்கர் என்னும் ரோபோ அந்தக் கதிர்வீச்சைத் தாங்காமல் நின்றுபோனது. பிறகு என்ன செய்தார்கள்? மண்வெட்டியைக் கையில் கொடுத்து மனிதர்களை ஏற்றினார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள், ஆளுக்கு ஓரிரு நிமிடம் என்று முறை வைத்து, ஓடிப் போய் வாரித் தள்ளிவிட்டு ஓடி வந்தார்கள். அவர்களுக்கு வைத்த பெயர் 'உயிருள்ள ரோபோக்கள்'. இதைப் படித்த அன்று எனக்கு இரவுச் சோறு இறங்கவில்லை.

மார்பில் ஒரு மானி

செர்னில் இப்போது ஒருவர் கதிரியக்கப் பகுதிக்குள் போக வேண்டுமானால், மார்பில் ஒரு சிறு மானியை அணிந்துகொள்ள வேண்டும். அது அவர் வாங்கிய கதிர்வீச்சை எண்ணிக்கொண்டே இருக்கும். பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட், கதிரியக்க வேலை செய்பவருக்கு 20 என்பது உலகில் பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. அந்த வரம்பைத் தொடுவதற்குக்கூட அனுமதிப்பதில்லை. இந்த வேலைக்கு எத்தனை நிமிடம், எத்தனை பேர், ஆளுக்கு எவ்வளவு சேரும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுத் தாளில் எழுதி, அதைக் குறைக்க வழி உண்டா என்று பார்ப்பார்கள். வழி இருந்தால் ரோபோ போகும். ஆள் நிற்பார்.

இதை எழுதும்போது என் தாயாரின் நினைவு வராமல் இல்லை. என் தாயார் ஒரு தோட்டத்தில் மருந்து அடித்தவர். தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம். முதுகில் மருந்துப் பம்பு, தலையில் முண்டாசு, காலில் பெரும்பாலும் ஒன்றுமில்லை. முகத்துக்குப் பழைய கைலித் துணி. லாலான் புல்லுக்கு அடிக்கும் பாராகுவாட் மருந்து முதுகில் ஒழுகும், காற்று திரும்பினால் முகத்தில் அடிக்கும். விரல் நகம் கறுத்துக் கழன்றுவிடும். சில நாள் மூக்கிலிருந்து ரத்தம் வரும். "வெய்யில் சூடுடா" என்பார். அவர் மார்பில் எந்த மானியும் இல்லை. எவ்வளவு உள்ளே போயிற்று என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

பேராக்கிலும் மற்ற மாநிலங்களிலும் இப்படி மருந்து அடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அதிலும் நம் தமிழ்ப் பெண்கள். தெனாகனித்தா போன்ற அமைப்புகள் அவர்களின் துயரத்தை ஆய்வு செய்து வெளியே சொன்னார்கள். பாராகுவாட்டை ஒழிக்கப் போவதாக 2002-இல் அரசாங்கம் அறிவித்தது, 2006-இல் அந்தத் தடை தளர்த்தப்பட்டது, கடைசியில் 2020-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் முழுத் தடை வந்தது. அதற்குள் என் தாயாரோடு மருந்து அடித்தவர்களில் பலர் மண்ணுக்குள் போய்விட்டார்கள்.

ஒரு மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். என் தாயாரை ஒரு முறை மருந்து வேலையிலிருந்து எடுத்து வேறு வேலைக்குப் போட்டார்கள். எனக்கு மகிழ்ச்சி. அவருக்குக் கோபம்! மருந்துக்குக் கிடைத்த கூடுதல் சில்லறை போயிற்றே என்று. "நகம் திரும்ப மொளைக்கும்டா, ஒன் பள்ளிக்கூடத்து சப்பாத்து மொளைக்குமா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இன்று சில செம்பனைத் தோட்டங்களிலும் வயல்களிலும் டிரோன் பறந்து மருந்து தெளிக்கிறது. பம்பு சுமக்க ஆள் வேண்டாம் என்பது நல்ல செய்திதான். அந்த டிரோனை இயக்கச் சம்பளம் வாங்குபவர் யார் என்பதை மட்டும் நான் கவனித்துக்கொண்டிருக்கிறேன். செர்னில் ரோபோ வந்ததும் தொழில்நுட்பக்காரரை வீட்டுக்கு அனுப்பவில்லை. அவரையே மேலே உட்கார வைத்து இயந்திரக் கையை இயக்கப் பழக்கினார்கள். பம்பு சுமந்தவரின் மகளுக்கு அந்தப் பழக்கத்தைக் கொடுக்காமல் டிரோனை மட்டும் வாங்கினால், அது பாதி வேலைதான் என்பது என் கருத்து.

நம்மவர் கையும் அந்தச் சுரங்கத்தில் இருக்கிறது என்பதைச் சொன்னால் மகிழ்வீர்கள். அந்த 35 டன் காந்தங்களைத் தாங்கி நிற்கும் ஜாக்கிகள் சுமார் 7,000. அவை இந்தியாவில் செய்யப்பட்டவை. மத்தியப் பிரதேசத்து இந்தூரில் உள்ள ராஜா ராமண்ணா ஆய்வு மையம் அதற்குப் பொறுப்பேற்றது. லாரிக்கு அடியில் வைக்கும் ஜாக்கி போலத்தான் வேலை. ஆனால் காந்தத்தை ஒரு மில்லிமீட்டரின் இருபதில் ஒரு பங்கு அளவுக்கு நகர்த்தி நிறுத்த வல்லது. அந்த நட்புக்கு அடையாளமாக இந்திய அரசு கொடுத்த இரண்டு மீட்டர் உயர நடராசர் சிலை 2004-ஆம் ஆண்டிலிருந்து செர்ன் வளாகத்தில் நிற்கிறது. தில்லைக் கூத்தனைத் தேடி ஜெனீவாவுக்கும் போகலாம்!

தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட துகள் சுரங்கம் இல்லை. ஆனால் சென்னைக்குத் தெற்கே கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் இருக்கிறது. அங்குள்ள இரண்டு உலைகளுக்கும் உள்ளே தலா 306 குழாய்கள். மனிதன் கை வைக்க முடியாத அந்தக் குழாய்களுக்குள் தூரத்திலிருந்து கருவியை அனுப்பிச் சோதிக்கும் முறையை இந்திய அணு விஞ்ஞானிகள் தாங்களே உருவாக்கிக்கொண்டார்கள். வெளிநாடுகள் கருவி விற்க மறுத்த காலம் அது. சுரங்கம் வேறு, உலை வேறு. தேவை ஒன்றுதான்.

ஜாக்கிக்குத் திரும்ப வருகிறேன். பூமி அசைந்துகொண்டே இருப்பதால், காந்தங்களும் நூலளவு நகரும். அவற்றைத் திரும்ப நேர்ப்படுத்த ஆள் உள்ளே போய் ஜாக்கியைத் திருக வேண்டும். செர்ன் இப்போது தன் இயந்திரத்தை இன்னும் வலுவாக்கத் திட்டமிட்டிருக்கிறது. அதற்கான நீண்ட நிறுத்தத்தை 2026-ஆம் ஆண்டு நடுவில் தொடங்கி, 2030 வாக்கில் மீண்டும் ஓட்டுவது திட்டம். மோதல்கள் பெருகும்போது கதிரியக்கமும் பெருகும். ஆகவே இரண்டு பெரிய மோதல் கூடங்களின் இருபுறமும் உள்ள கருவிகளை, மேலே இருந்தபடியே மோட்டார் மூலம் நகர்த்தி நேர்ப்படுத்தும் ஏற்பாட்டைச் செய்கிறார்கள். ஆள் போகும் தடவைகள் இன்னும் குறையும்.

சக்கரம் வைத்த ரோபோவுக்குப் படியும் குழாயும் கம்பியும் தடை. அதற்காக நாய் போல நான்கு கால் கொண்ட ஒன்றைச் செய்து, 2024-இல் ஓர் ஆய்வுக் கூடத்தில் நடக்கவிட்டுப் பார்த்தார்கள். தடுக்கி விழாமல் கதிர்வீச்சை அளந்து வந்ததாம். இதைச் சொன்னதும் வகுப்பில் ஒரே கும்மாளம். கூடவே இன்னொரு கதையும் சொன்னேன். 2016-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், நம் ஊர் முசாங் போன்ற ஒரு சின்ன விலங்கு தரை மேலிருந்த மின்மாற்றிக்குள் புகுந்துவிட்டது. மின்சாரம் தாக்கி அது இறந்தது, உலகின் மிகப் பெரிய இயந்திரமும் சில நாள் நின்றது. இத்தனை ரோபோ இருந்தும் ஒரு முசாங்கைத் தடுக்க முடியவில்லையே என்று பிள்ளைகளுக்குச் சிரிப்பு.

எல்லாம் முடிந்து மணி அடிக்கும் நேரத்தில், பின் வரிசையில் எப்போதும் வாய் திறக்காத ஒரு சிறுமி எழுந்து நின்றாள். "சார், அந்த ரோபோ உள்ள போய் கெட்டுப்போச்சுன்னா, அப்புறம் ஆளுதானே போகணும்?" என்றாள். செர்னோபிலைப் பற்றி நான் வகுப்பில் சொல்லவேயில்லை.

அதற்கும் அவர்கள் முன்னேற்பாடு வைத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். ஒரு ரோபோவை உள்ளே அனுப்புவதற்கு முன், அது நடுவழியில் நின்றுபோனால் எப்படி வெளியே கொண்டு வருவது என்ற திட்டமும் தயாராக இருக்க வேண்டும். அந்தத் திட்டம் இல்லாமல் அனுப்புவதில்லை. சிறுமி சற்று நேரம் யோசித்தாள். "அப்ப இழுத்துக்கிட்டு வர்றதுக்கும் இன்னொரு ரோபோ செய்யணும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கொக்கி வைத்த ஒரு வண்டியை வரையத் தொடங்கினாள்.